ஒழுகாத ஜாயிண்ட்

அய்யய்யோ, பையா? உங்க பையா அம்மணி இது? இதுமேலயா உக்காந்துட்டேன்? சீட்டு மேல பையை வச்சா யாருக்குங்க தெரியும்? வெளியில மூடுபனி, உள்ள லைட்டும் போடலை. என்ன இருக்குது உள்ள? வர்க்கியா? அட ஆண்டவரே. போகட்டும் விடுங்க. வர்க்கின்னா நொறுங்கத்தான் செய்யும். டீயில முக்குனா எப்படியும் தூளாத்தானே போகுது? இந்தாங்க, பையை மடியில வச்சுக்கோங்க. பையின்னா மடியிலதான் வச்சுக்கணும்.

கோத்தகிரிக்கா போறீங்க? நாங்களும் அங்கதான். நாங்கன்னா நானும் எங்க வீட்டுக்காரரும். அதோ, டிரைவருக்குப் பின் சீட்டுல, குரங்குக் குல்லா மாட்டிக்கிட்டு, காக்கிப் பையை மடியில வச்சுக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருக்காரே, அவருதான். பாருங்க, பையை எப்படிக் கட்டிப் பிடிச்சிருக்காருன்னு. அதுக்குள்ள கேஸ் டார்ச்சு, ஈயக்கம்பி, உப்புத்தாள், பைப்பு அறுக்கற கட்டரு. குன்னூர்ல இன்னாசி பிளம்பர்னு கேட்டுப் பாருங்க, சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டும்.

பக்கத்துல இடம் இருந்துச்சுங்க. நான்தான் உக்காரலை. சண்டையான்னு கேட்டா சண்டை இல்லை. பேச்சு இல்லையான்னு கேட்டா அதுவும் இருக்குது. நான் பேசறேன், அவரு கேட்டுக்கறாரு. கேட்டுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கறாரு. அதுக்கு நீங்களே மேலுங்க, பதிலுக்கு சிரிக்கவாவது செய்யறீங்க.

ஒண்ணு சொல்லட்டுமா? மனுஷன்னா தப்புப் பண்ணாம இருக்க முடியாது. நான் அதைச் சொல்லலை. பண்ணினா ஒத்துக்கணுமா வேண்டாமா? 'ஆமா புள்ள, என் தப்புதான்'னு ஒரு வார்த்தை. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இந்தக் காதால நான் கேட்டதே இல்லை அம்மணி. விழுந்தாலும் மீசையில மண்ணு ஒட்டலைங்கற ஜாதி. எங்க வீட்டுச் சமையக்கட்டுலயே ஒரு பைப்பு சொட்டுச்சு. 'ஏங்க, உங்க ஜாயிண்ட் ஒழுகுது'ன்னேன். 'ஒழுகலை புள்ள, பனிக்கு வேர்க்குது'ன்னாரு. பைப்புக்கு வேர்க்குதாம்! ஒரு வாரம் கீழ குண்டானை வச்சேன். ஒரு நாள் நான் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள குண்டானைக் காணோம், சொட்டறதையும் காணோம். 'பனி விட்டுருச்சு'ன்னாரு. சரிசெஞ்சுட்டு அதைச் சொல்லாத மனுஷனை எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?

ஆனா ஒண்ணு, வேலைன்னு வந்தா குறை சொல்ல முடியாதுங்க. சொல்றதைச் சொல்லணுமில்ல. இப்பல்லாம் எல்லாரும் பிளாஸ்டிக் பைப்பைப் பசை போட்டு ஒட்டிட்டுப் போயிடறாங்க. பெரிய பங்களா, கெஸ்ட் ஹவுஸ், இங்கெல்லாம் சுடுதண்ணிக்குச் செம்புப் பைப்புதான். அதை ஒட்டறதுக்கு ஈயம் விட்டுப் பத்த வைக்கணும். அது எல்லாருக்கும் வராது. உப்புத்தாள் போட்டுப் பைப்பைத் தேய்ப்பாரு பாருங்க, புதுக் குத்துவிளக்காட்டம் ஆயிடும். அப்புறம் பசை தடவி, செருகி, சூடு காட்டுவாரு. ஈயத்துக்குச் சூடு காட்டக் கூடாதுங்க, செம்புக்குத்தான் காட்டணும். செம்பு சூடாயிடுச்சுன்னா ஈயக்கம்பியைச் சும்மா தொட்டாப் போதும், தானா உருகிச் சந்துக்குள்ள ஓடிடும். நான் எத்தனையோ தடவை பாத்திருக்கேன், இன்னும் பாத்துக்கிட்டே இருக்கலாம்னுதான் தோணும். அவருகிட்ட இதைச் சொன்னதில்லை. சொன்னா குல்லா தலையில நிக்காது.

பத்த வச்சு முடிச்சு, தண்ணியைத் திறந்து விட்டதும் பழைய பேப்பரைக் கிழிச்சு ஜாயிண்டைச் சுத்தி ஒரு இழுப்பு இழுப்பாரு. பேப்பர் காஞ்சு வந்தா நல்ல ஜாயிண்ட். ஓரம் துளி நனைஞ்சிருந்தாலும் போச்சு. அதேமாதிரி பழைய ஜாயிண்டுல பச்சையாக் களிம்பு பூத்திருந்தா, உள்ள எங்கயோ தண்ணி கசியுதுன்னு அர்த்தம். பிளம்பர் பொண்டாட்டின்னா இதெல்லாம் தெரிஞ்சுதானே ஆகணும்?

எதுக்குச் சொல்றேன்னா, எங்க பொண்ணு ஜெசிந்தாவைக் கோத்தகிரியிலதான் குடுத்திருக்கோம். சம்பந்தி சூசைநாதன், டீ பேக்டரியில அதிகாரியா இருந்து ரிட்டயர் ஆனவரு. நல்ல மனுஷன். வீட்டுக்கு மேல மாடியைக் கெஸ்ட் ஹவுஸா விட்டிருக்காங்க. கல்யாணத்தப்ப இவரு, 'மாடிக்குச் சுடுதண்ணி லைன் நான் போட்டுத் தர்றேன் சம்பந்தி, எம்பொண்ணு இருக்கப்போற வீடு'ன்னு சொல்லி, மொத்தமும் செம்புல போட்டுக் குடுத்தாரு. ஜெசிந்தாவுக்கு அதுல அத்தனை பெருமை. வர்ற விருந்தாளிகிட்ட எல்லாம், 'எங்கப்பா போட்டதுங்க'ம்பாளாம். அந்த வீட்டுல அவளுக்குன்னு ஒரு மரியாதை, அந்த லைன்.

சம்பந்தியம்மாவும் நல்லவங்கதான். எம்மேலதான் அவங்களுக்கு என்னமோ ஒரு இது. கல்யாணத்தன்னைக்கு இருந்து. பொண்ணுக்குத் தலையில போடற நெட்டு முக்காட்டை நான் வீட்டுலயே மறந்து வச்சுட்டு வந்துட்டேனாம். மறக்கலை அம்மணி! பீரோ மேல எடுத்து வச்சேன். பீரோ மேல இருக்கறதை யாராச்சும் எடுத்துட்டு வர வேண்டாமா? கோயில்ல சாமியாரு காத்துக்கிட்டிருக்க, ஆள் அனுப்பி எடுத்துட்டு வரச் சொன்னோம். அதுல இருந்து சம்பந்தியம்மா, 'உங்கம்மா கொஞ்சம் மறதிக்காரங்க, கொஞ்சம் அவசரக்காரங்க'ன்னு ஜெசிந்தாகிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்களாம். சிரிச்சுக்கட்டும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அதுமாதிரி சில பேருக்கு அடுத்தவங்களைச் சொன்னாத்தான் திருப்தி.

இந்த ஜெசிந்தா முழுகாம இருக்கறா. தலைப்பிரசவம். தலைப்பிரசவம்னா எங்க பாக்கறது? தாய் வீட்டுல. இதைக் கேக்கவே வேண்டியதில்லை, இல்லீங்களா? ஆனா சம்பந்திக்கு ஒரு அக்கா இருக்கறாங்க, ரெஜினா அக்கான்னு, பெங்களூருல. அவங்க தும்முனா அந்த வீடே தும்மும். அவங்க போன்ல, 'எதுக்குக் குன்னூருக்கு அனுப்பணும்? இங்க எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே நல்ல ஆஸ்பத்திரி இருக்குது, நான் பாத்துக்கறேன்'னு ஆரம்பிச்சுட்டாங்க. சம்பந்தியம்மாவும், 'அதுவும் சரிதான், அங்க அவங்கம்மாதானே பாத்துக்கணும், அதான் எனக்கு யோசனையா இருக்குது'ன்னு சொன்னாங்களாம். ஜெசிந்தா போன்ல அழுவறா. 'அம்மா, நான் உங்கிட்டதான் வருவேன், எப்படியாச்சும் கூப்பிட்டுக்கோ'ங்கறா. எனக்குச் சோறு எறங்கலை அம்மணி. ஒரே பொண்ணு. அவளுக்கு நோவு வர்றப்ப நான் குன்னூர்ல உக்காந்துக்கிட்டு செபமாலை உருட்டணுமா?

ரெஜினா அக்கா நேர்ல வந்து பேசறதா ஏற்பாடு. அவங்க வர்ற அன்னைக்குப் பாத்து சம்பந்தி போன் பண்றாரு. 'சம்பந்தி, மேல போற பைப்புல ஒரு இடத்துல பச்சை பூத்திருக்குது, செவுரு ஈரமா இருக்குது'ங்கறாரு. எங்க வீட்டுக்காரரு மொகத்தைப் பாக்கணுமே. 'இருக்காது சம்பந்தி, பனிக்கு வேர்த்திருக்கும்'னாரு. சொல்லிட்டு, போனை வச்ச கையோட காக்கிப் பையை எடுத்துட்டாரு. நானும் கூடவே கெளம்பிட்டேன். அந்த அக்கா பேசறப்ப நான் அங்க இருக்க வேண்டாமா?

போய்ப் பாத்தா, சமையக்கட்டு அலமாரிக்குப் பின்னாடி ஒரு எல்போ, அதாங்க, பைப்பு வளையற முக்கு. பச்சைப் பசேல்னு களிம்பு. பேப்பரைச் சுத்தி இழுத்தாரு, ஓரம் நனைஞ்சு வந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லலை. சும்மா 'ம்ஹூம்'னேன். அவ்வளவுதான். 'என்ன ம்ஹூம்? செவுரு எறங்கியிருக்குது, அதான் ஜாயிண்ட் விட்டுருச்சு'ன்னாரு. செவுரு மேல பழி! தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்.

சரி, தண்ணியை அடைச்சு, லைனைக் காலி பண்ணி, அந்த எல்போவைக் கழட்டிப் புதுசு போடணும். ஆனா எங்கயோ மேல தேங்கியிருந்த தண்ணி சொட்டு சொட்டா எறங்கிக்கிட்டே இருக்குது. அந்த ஒரு சொட்டு போதுமாம், ஈயம் பிடிக்காதாம். சூட்டையெல்லாம் தண்ணி வாங்கிக்கிட்டு, ஆவியாகி ஓட்டை விழுந்துருமாம். அதுக்கு என்ன செய்வாங்க தெரியுமா? பிரெட்டு. சத்தியமாங்க! பிரெட்டோட வெள்ளையை மட்டும் எடுத்து, உருண்டையா உருட்டி, பைப்புக்குள்ள அடைச்சுருவாங்க. அது தண்ணியைக் குடிச்சுக்கிட்டுத் தடுத்து நிக்கும். அந்த நேரத்துல பத்த வச்சு முடிச்சுடலாம். அப்புறம் தண்ணியைத் திறந்து விட்டா பிரெட்டு கரைஞ்சு குழாய் வழியாப் போயிடும். நான் முதல்ல கேட்டப்ப எனக்கும் உங்களாட்டம்தான் சிரிப்பு வந்துச்சு.

'ஏம்புள்ள, ஓடிப்போய் ஒரு பிரெட்டு வாங்கிட்டு வா'ன்னாரு. ஓடினேன். பேக்கரியில பிரெட்டு தீந்துபோச்சுங்க. அது என் தப்பா? பன்னு இருந்துச்சு. பெருசு பெருசா, மெத்துனு, நல்ல பன்னு. பிரெட்டுக்கும் பன்னுக்கும் என்ன பெரிய வித்தியாசம், ரெண்டும் மாவுதானே? வாங்கிட்டு வந்தேன். அவரு அலமாரிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு, ஒரு கையில பைப்பைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையைப் பின்னாடி நீட்டறாரு. 'மேல்தோலை எடுத்துட்டு உருட்டிக் குடு'ங்கறாரு. நான் தோலையெல்லாம் எடுத்துட்டு நல்லா அழுத்தி உருட்டிக் கையில வச்சேன். உள்ள கொஞ்சம் டூட்டி ப்ரூட்டி இருந்துச்சு, சிவப்பும் பச்சையுமா. அதையெல்லாம் உக்காந்து பொறுக்கிக்கிட்டு இருக்க முடியுமா? சொட்டற தண்ணி நிக்குமா? ஒரு உருண்டை பத்தலைன்னாரு, இன்னொண்ணும் குடுத்தேன். மீதிப் பன்னை நான் தின்னுட்டேன். பசிச்சுதுங்க, காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலை.

பத்த வச்சாரு. தண்ணியைத் திறந்து விட்டுட்டு, பேப்பரைச் சுத்தி ஒரு இழுப்பு. காஞ்சு வந்துச்சு. எங்கிட்ட நீட்டினாரு, 'இந்தா, தொட்டுப் பாரு'ன்னு. தொட்டுப் பாத்தேன், மொரமொரன்னு இருந்துச்சு. கீழக் குழாயைத் திறந்து விட்டாரு, பால் மாதிரி வெள்ளையா வந்து, அப்புறம் தெளிஞ்சுடுச்சு. 'மாடி ஷவரைக் கழட்டி அதுலயும் விட்டுட்டு மாட்டணும்'னு ஸ்பேனரை எடுத்தாரு. அதுக்குள்ள வாசல்ல கார் ஹாரன். ரெஜினா அக்கா வந்தாச்சு. நேரா மாடி ரூமுக்குப் போயிட்டாங்க. அப்புறம் அங்க போய் ஷவரைக் கழட்டறது எப்படி?

அன்னைக்கு ராத்திரி நாங்களும் அங்கயே தங்கிட்டோம். விடிஞ்சு டீ குடிச்சுக்கிட்டு இருக்கோம், மேல இருந்து ஒரு சத்தம் பாருங்க! 'சூசே...!'ன்னு. வீடே ஓடுது. ரெஜினா அக்கா தலை நிறைய ஷாம்பூ, பாதிக் குளியல்ல தண்ணி நின்னுபோச்சு. மாடியில சுடுதண்ணிக்கு அந்த ஷவர் மட்டும்தான். பச்சைத் தண்ணிக் குழாயைத் திறந்திருக்காங்க, மார்கழி மாசத்துக் கோத்தகிரித் தண்ணி, விரலை விட்டாலே மரத்துப் போயிடும். அதை எடுத்துத் தலையில ஊத்தியிருக்காங்க. ஊட்டி ரயிலு வளைவுல கூவுமே, அப்படி ஒரு கூவல். சிரிக்கக் கூடாதுங்க, பாவம். நான் சிரிக்கலை. ஜெசிந்தா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உள்ள ஓடிட்டா, வலியாக்கும்னு பாத்தா சிரிக்கறா.

அப்புறம் கீழ எறங்கி வந்தாங்க, தலையில துண்டைச் சுத்திக்கிட்டு. 'இதுதான் உங்க சம்பந்தி போட்ட லைனா? நாளைக்குப் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டறப்ப இப்படி நின்னா?'ன்னாங்க. சம்பந்தியம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க. நான் என்ன பண்ணினேன், என்னை எதுக்குப் பாக்கணும்? சம்பந்தி தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. ஜெசிந்தா சிரிப்பை நிறுத்திட்டா. எனக்குத் தெரிஞ்சுபோச்சு அம்மணி, எம்பொண்ணு பெங்களூரு போயாச்சுன்னு.

எங்க வீட்டுக்காரரு ஸ்பேனரை எடுத்துக்கிட்டு மேல போனாரு. கதவைச் சாத்திக்கிட்டாரு. ரொம்ப நேரம் ஆளைக் காணோம். நான் கீழ அலமாரிக்குள்ள கையை விட்டு, பேப்பரைக் கிழிச்சு, அந்த எல்போவை நானே சுத்தி இழுத்துப் பாத்தேன். காஞ்சு வந்துச்சு. ஜாயிண்டுல ஒரு குறையும் இல்லை. அந்தப் பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன், அவரு வரட்டும், எல்லார் முன்னாடியும் காட்டிடலாம்னு. மேல தண்ணி விழற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அவரு எறங்கி வந்தாரு, ஒரு கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு.

வந்து நின்னு என்ன சொன்னாரு தெரியுமா? 'என் தப்புதான் சம்பந்தி. ஈயத்தைக் கூடுதலா விட்டுட்டேன். அது உள்ள ஒழுகிப் போய் அடைச்சுக்கிச்சு. எடுத்துட்டேன். மன்னிச்சுக்கோங்க அக்கா'ங்கறாரு!

எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. ஈயத்தைக் கூடுதலா விடறது கத்துக்குட்டிப் பசங்க பண்ற வேலை. இவரு வேலை செஞ்ச நாள்ல இருந்து அப்படி விட்டதே இல்லை. வேற யாராச்சும் சொல்லியிருந்தா ஸ்பேனராலயே போட்டிருப்பாரு. 'ஏங்க, அந்த ஜாயிண்டு...'ன்னு வாயைத் திறந்தேன். 'நீ சும்மா இரு புள்ள'ன்னாரு. அந்தக் காஞ்ச பேப்பரை அப்படியே சுருட்டி இடுப்புல செருகிக்கிட்டேன்.

ரெஜினா அக்கா அவரைப் பாத்தாங்க. அப்புறம் சிரிச்சுட்டாங்க. 'இந்த வீட்டுல தப்பை ஒத்துக்கற ஆம்பளையை இன்னைக்குத்தான் பாக்கறேன். ஏண்டா சூசை, கத்துக்கோ'ன்னாங்க. சிரிச்சுக்கிட்டே இட்லி சாப்பிட்டாங்க. சாப்பிட்டு முடிச்சு, 'பொண்ணை அவங்கம்மா வீட்டுக்கே அனுப்புங்க. அப்பன் நேர்மையான மனுஷன், பத்திரமாப் பாத்துக்குவாங்க'ன்னுட்டாங்க. ஜெசிந்தா ஓடிவந்து அவங்கப்பனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. அதான் இன்னைக்குப் போறோம். காலையில வளைகாப்பு, சாயந்திரம் பொண்ணைக் கூட்டிட்டுக் குன்னூர் திரும்பறோம்.

நல்லதுதான் நடந்துச்சு, இல்லைங்கலை. ஆனா மனசு ஆறலைங்க. ஊரான் முன்னாடி, பண்ணாத தப்பைப் பண்ணினேன்னு சொல்லத் தெரியுது. கட்டின பொண்டாட்டிகிட்ட, பண்ணின தப்பைச் சொல்ல வாய் வரலை. இது எந்த ஊரு நியாயம்? அன்னைக்கு இருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன், 'ஏங்க அப்படிச் சொன்னீங்க, ஏங்க அப்படிச் சொன்னீங்க'ன்னு. ஜன்னலைப் பாத்துத் திரும்பிக்கறாரு.

இதுல இன்னொண்ணு கேளுங்க. வீட்டுக்கு வந்து அந்தப் பேண்டைத் துவைக்க எடுக்கறேன். பாக்கெட்டுக்குள்ள பிசுபிசுன்னு ஏதோ ஒட்டுது. வெளிய எடுத்தா, டூட்டி ப்ரூட்டி! ஒரு கை. ஊறிப் போயி, உப்பி, சிவப்பெல்லாம் வெளுத்து ரோஸாப் போயிருந்துச்சு. மனுஷனுக்குச் சக்கரை வியாதிங்க. டாக்டரு இனிப்பைக் கண்ணால பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. நான் ராகியும் கம்புமா ஆக்கிப் போட்டுக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன், இவரு பன்னுல இருக்கறதை மட்டும் பொறுக்கி, வாயில போட்டுச் சப்பி, நான் வர்ற சத்தம் கேட்டதும் துப்பிப் பாக்கெட்டுல ஒளிச்சிருக்காரு! மீதிப் பன்னை நான்தானே தின்னேன், எப்பப் பொறுக்கினாருன்னுதான் இன்னைக்கு வரைக்கும் புரியலை. கையில ஏந்திக் கொண்டுபோய் நேராக் காட்டி, 'இது என்ன?'ன்னேன். பாத்தாரு. என்னைப் பாத்தாரு. வாயைத் திறந்தாரு. அப்புறம் மூடிக்கிட்டாரு. 'இனிமே செய்ய மாட்டேன் புள்ள'ன்னாரு. பாத்தீங்களா? அப்பக்கூட 'தப்பு'ங்கற வார்த்தை வரலை.

ஏன் அம்மணி, என்னாச்சு? வயித்தை எதுவும் வலிக்குதா? வளைவுல வாந்தி வர்றமாதிரி இருந்தா எங்கிட்ட எலுமிச்சம்பழம் இருக்குது. இல்லையா? அப்புறம் எதுக்கு இப்படிக் குலுங்கறீங்க?

அட, கட்டபெட்டு வந்துடுச்சு. ஐயோ, எங்க எறங்கறாரு இவரு? கண்டக்டர் தம்பி, விசில் குடுத்துராதீங்க, எங்க வீட்டுக்காரரு எறங்கிட்டாரு! பேக்கரிக்குப் போறாரா? ஓ, சம்பந்தி வீட்டு மாடியில இன்னொரு எல்போவும் பச்சை பூத்திருக்குதாம், போறதோட அதையும் பாத்துட்டு வந்துரலாம்னாரு. அதுக்குப் பிரெட்டு. காலையில குன்னூர்லயே, 'நான் போய் வாங்கிட்டு வர்றேங்க'ன்னேன். 'நீ உக்காரு புள்ள, நான் பாத்துக்கறேன்'னாரு. பாருங்களேன், கல்யாணமானதுல இருந்து ஒரு தீப்பெட்டிகூட அவராப் போய் வாங்கினதில்லை. எனக்குக் கால் வலின்னு பரிதாபப்பட்டிருக்காரு. உள்ளுக்குள்ள பாசம் இருக்குது, வெளிய காட்டத் தெரியாது.

வந்துட்டாரு, வந்துட்டாரு. போலாம் தம்பி. என்ன, இந்தப் பக்கம் வர்றாரு... என்னங்க? எனக்கா? எதுக்குங்க... சரி, குடுங்க. அந்தப் பொட்டலத்தையும் குடுங்க, நான் வச்சுக்கறேன். ஏன்? 'அது பைப்புக்கு, எங்கிட்டயே இருக்கட்டும்'ங்கறீங்களா? சரி சரி, போய் உக்காருங்க, வளைவு வருது, விழுந்துராதீங்க.

பாத்தீங்களா, பன்னு வாங்கிக் குடுத்திருக்காரு. காலையில நான் சாப்பிடலைன்னு தெரிஞ்சிருக்குது. இந்தாங்க, பாதி நீங்க எடுத்துக்கோங்க. உங்க வர்க்கிக்குப் பதிலா. எடுத்துக்கோங்க அம்மணி, கூச்சப்படாதீங்க. நல்லா மெத்துனு இருக்குது. உள்ள பாருங்க, டூட்டி ப்ரூட்டி எத்தனை போட்டிருக்கான்னு. சிவப்பு, பச்சை... அதே பன்னுதான். நான் அன்னைக்கு வாங்கினேனே, அதே...

பாக்கெட்டுல இருந்தது ஊறியிருந்துச்சு. தண்ணியில ஊறினமாதிரி.

அம்மணி. நீங்க இதுக்குத்தான் சிரிச்சீங்களா?

மாடி ஷவர்ல இருந்து எடுத்து... கதவைச் சாத்திக்கிட்டு... பாக்கெட்டுல போட்டுக்கிட்டு... அடப் பாவி மனுஷா. அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி அதை எடுத்துக் காட்டியிருந்தா? பன்னுதான் அடைச்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? சம்பந்தியம்மாவுக்கு அது ஒண்ணு போதாதா? 'பிரெட்டு வாங்கத் தெரியாதவங்க பிரசவம் பாப்பாங்களா'ன்னு கேட்டு, எம்பொண்ணைப் பெங்களூருக்கே அனுப்பியிருப்பாங்களே. அதுக்காகவா கத்துக்குட்டின்னு பேரு வாங்கினாரு? நானும் தினமும் ஏன் சொன்னீங்க, ஏன் சொன்னீங்கன்னு... சக்கரை தின்னீங்கன்னு வேற திட்டினேனே. அதுக்கும் 'இனிமே செய்ய மாட்டேன்'னாரே.

இல்லை, அழுவலை. அழுவறேன், ஆமா, அழுவறேன். இருங்க, மூக்கைச் சிந்திக்கறேன்.

இருந்தாலும் அந்தப் பேக்கரிக்காரனைச் சொல்லணுங்க. பன்னுல எதுக்கு இத்தனை டூட்டி ப்ரூட்டி? ஒண்ணு ரெண்டு போட்டாப் பத்தாதா? பிரெட்டையாச்சும் தீராம வச்சிருக்கலாம். எல்லாம் அவன் பண்ணின வேலை.

கொஞ்சம் காலை மடக்கிக்கோங்க அம்மணி, நான் முன்னாடி போறேன். அவரு பக்கத்துல இடம் இன்னும் காலியாத்தான் இருக்குது. இந்தப் பாதிப் பன்னு அவருக்கு. ஒரு நாளைக்குத் தின்னா சக்கரை ஒண்ணும் ஏறிடாது. டூட்டி ப்ரூட்டியை நானே பொறுக்கி எடுத்துட்டுக் குடுத்துடறேன்.

உங்க பையைப் பாத்து வச்சுக்கோங்க. சீட்டு மேல வைக்காதீங்க, யாராச்சும் பாக்காம உக்காந்துருவாங்க.